ஒரே மழைக்காகக் காத்திருக்கும் மலை: பனி விலகும் ஏற்காட்டில் ஒரு தோட்டக் குடும்பத்தின் ஆயத்தங்கள்

(காட்சி: சேர்வராயன் மலைச்சரிவு, காலை வெயில். இலைகள் தொங்கிய காப்பிச் செடிகள்.)

வணக்கம். இந்தச் செடிகளின் இலைகளைப் பாருங்கள். மாசி வெயிலில், பல வாரங்களாக ஒரு சொட்டு மழையும் காணாமல் வாடித் தொங்குகின்றன. ஆனாலும் இந்தத் தோட்டத்துக் குடும்பம் இதைப் பார்த்துப் பதறவில்லை. இந்த வாட்டம் வர வேண்டும் என்றே விரும்பியது. தாகம் அறியாத காப்பிச் செடி ஒழுங்காகப் பூப்பதில்லை. அந்தத் தாகத்தைத் தீர்க்கும் முதல் மழை எந்த நாளில் வருகிறது, எவ்வளவு பெய்கிறது என்பதைப் பொறுத்தே இக்குடும்பத்தின் அடுத்த தை மாத வருமானம் அமையும். அந்த மழைக்கு முன்பாக அவர்கள் முடித்தாக வேண்டிய வேலைகளையும், அந்த மழைக்குள் ஒளிந்திருக்கும் அதிசயத்தையும் இந்தக் காணொளியில் பார்ப்போம்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. உயரம் ஏறத்தாழ 1,500 மீட்டர். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இம்மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். இன்று பெரிய எஸ்டேட்டுகளுக்கு நடுவே, ஓரிரண்டு ஏக்கர் நிலத்தில் வீடும் தோட்டமுமாக வாழும் குடும்பங்களும் அராபிகா காப்பியைப் பயிரிடுகின்றன. நாம் பார்க்கும் குடும்பம் அத்தகையது: கணவன், மனைவி, மாமியார், பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள்.

(காட்சி: செடியின் அடியில் குனிந்து பழம் பொறுக்கும் பெண்கள்.)

தை மாதத்தோடு பழப் பறிப்பு முடிந்துவிட்டது என்று நாம் நினைப்போம். உண்மையில் அதன் கடைசிப் பகுதி இனிமேல்தான் இருக்கிறது. செடியில் விடுபட்ட பழங்களையும் தரையில் உதிர்ந்த பழங்களையும் ஒன்றுவிடாமல் பொறுக்க வேண்டும். காய்த்துளைப்பான் என்னும் சிறு வண்டு இந்தப் பழங்களுக்குள் தங்கியிருந்து, அடுத்த பருவத்துக் காய்களுக்குத் தாவும் என்பதால், விலை போகாத பழத்தையும் இவர்கள் விட்டுவைப்பதில்லை. அதன் பின் கவாத்து. காய்த்து ஓய்ந்த கிளைகளும் பயனற்ற தளிர்களும் நீக்கப்படுகின்றன.

இதைவிடப் பெரிய பகை ஒன்று தண்டுக்குள் இருக்கிறது: வெள்ளைத் தண்டுத் துளைப்பான். இதன் தாய் வண்டு பட்டையின் வெடிப்புகளில் முட்டையிடுகிறது. புழு தண்டுக்குள் புகுந்து, பல மாதங்கள் மரத்தைக் குடைந்து தின்று, ஏப்ரல், மே மாதங்களில் வண்டாக வெளியே பறக்கிறது. ஆகவே அந்தப் பறத்தலுக்கு முன்பே, பங்குனிக்குள், குடும்பத்தினர் ஒவ்வொரு செடியின் தண்டையும் தொட்டுத் தடவிப் பார்க்கிறார்கள். புழு குடைந்த இடத்தில் பட்டை வரம்பு வரம்பாகப் புடைத்திருக்கும்; கண்ணுக்குத் தப்பியது விரலுக்கு அகப்படும். அகப்பட்ட செடியை வேரோடு பிடுங்கி எரிக்கத்தான் வேண்டும். வளர்த்த கைக்கு இது எளிதன்று. ஆனால் இரக்கப்பட்டு விட்டுவைத்த ஒரு செடியிலிருந்து வெளிவரும் வண்டுகள் பக்கத்துத் தோட்டத்தையும் அழிக்கக்கூடும் என்பதால், இந்த வேலையை அண்டை வீட்டாருக்குச் செய்யும் கடமை என்றே நான் கருதுகிறேன். வெயில் நேரடியாகப் படும் தண்டுகளையே இவ்வண்டு அதிகம் நாடும். எனவே நிழல் மரங்களின் கிளைகளை இப்போதே கழித்துத் தோட்டத்தைத் திறந்துவிடாமல், மழை நிலைபெறும் வரை பொறுத்திருக்கிறார்கள்.

சுண்ணாம்பு பூசுதல், தண்ணீர்த் தொட்டி கழுவுதல், விறகு அடுக்குதல், நீர் தேடி இறங்கும் காட்டெருமைகளுக்காக வேலியைச் சரிபார்த்தல் எல்லாம் இடையிடையே நடக்கின்றன. தோட்டத்தின் எல்லையில் சருகை வாரித் தீத்தடுப்புப் பாதை போடுவதைப் பற்றி மட்டும் ஒரு வேண்டுகோள் உண்டு. இந்த மாதங்களில் மலைக்கு வரும் நண்பர்களே, அணையாத தீக்குச்சியையோ பீடியையோ சாலையோரத்தில் வீசாதீர்கள். சருகில் பற்றும் நெருப்பு சரிவில் மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதர்களால் ஈடுகொடுக்க முடியாது.

(காட்சி: சில்வர் ஓக் மரத்தில் சாய்த்த மூங்கில் ஏணி, மிளகுச் சரங்கள்.)

இப்போது மிளகு. காப்பிக்கு நிழல் தரும் அதே சில்வர் ஓக் மரங்களில்தான் மிளகுக்கொடி ஏறியிருக்கிறது. ஒரு சரத்தில் ஒன்றிரண்டு மணிகள் சிவந்தால் அச்சரம் முழுவதையும் பறித்துவிடலாம். மணிகளை உதிர்த்து, ஒரு நிமிடம் கொதிநீரில் முக்கி எடுத்துக் களத்தில் பரப்பினால், மூன்று நான்கு நாள் நல்ல வெயிலில் சீரான கருநிறத்துடன் காய்கின்றன. 100 கிலோ பச்சை மிளகு காய்ந்து ஏறக்குறைய 33 கிலோ ஆகும்.

இங்கேதான் ஒரு சிக்கல் எழுகிறது. காப்பி கேட்கும் மழையும் மிளகு கேட்கும் வெயிலும் ஒரே மாதத்துக்கு உரியவை. பிற்பகலில் மேகம் திரண்டால், அத்தனை நாள் மழைக்கு ஏங்கிய வீட்டில் முதலில் எழுவது களத்தைப் பற்றிய குரல்தான்.

"அம்மாடி, மேகம் கூடுது. களத்துல மொளகு கெடக்குது பாரு."

"வாரி மூட்டை கட்டிட்டேங்க அத்தை."

(காட்சி: கணுக்களில் பச்சை மொட்டுகள், மிக நெருக்கமாக.)

இனி நான் மிகவும் விரும்பிய பகுதிக்கு வருகிறேன். இதற்குச் சற்றுக் கூடுதல் நேரம் தாருங்கள். இந்த மொட்டைப் பாருங்கள். சில மில்லிமீட்டர் நீளம் வளர்ந்து, பிறகு வளர்ச்சியை நிறுத்திக்கொண்டது. அது இறந்துவிடவில்லை; உறங்குகிறது. மழையில்லாத வாரங்கள் நீள நீள, செடியின் நீர் குறையக் குறைய, அந்த மொட்டு விழிப்பதற்குரிய தகுதியைப் பெறுகிறது. இடைவிடாமல் நீர் கிடைத்த செடியின் மொட்டுகள் உறக்கம் கலையாமலே நிற்கும் என்பதைப் பிரேசில் நாட்டு அறிவியலாளர் அல்விம் 1960இல் எழுதிய ஆய்வில் காட்டினார். அராபிகாவின் தாயகமான எத்தியோப்பிய மலைகளிலும் வறண்ட காலத்தை அடுத்தே மழைக்காலம் வருகிறது. மழை தொடங்கும்போது பூத்தால் காய் பெருக்க நீர் கிடைக்கும் என்னும் அந்தப் பழைய பாடத்தை, கடல் கடந்து வந்த பிறகும் இச்செடி கைவிடவில்லை.

உறக்கத்தைக் கலைக்க எவ்வளவு மழை வேண்டும்? தூறல் போதாது. 25 முதல் 40 மில்லிமீட்டர் வரை பெய்ய வேண்டும். குறைவாகப் பெய்தால் மொட்டு பாதி விழித்து, முழுதாக விரிய முடியாமல் கருகிவிடும். எனவே அரைகுறை மழையைவிட மழையே இல்லாதது மேல் என்று தோட்டக்காரர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 25 மில்லிமீட்டர் என்பது சிறிய அளவாகத் தோன்றுகிறதா? ஓர் ஏக்கர் பரப்பில் அது ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர். பத்தாயிரம் லிட்டர் லாரி பத்து முறை மலையேற வேண்டும், அதுவும் ஒரே ஏக்கருக்கு. குளமும் தெளிப்பான் கருவியும் உடைய பெரிய எஸ்டேட்டுகள் அதைச் செய்துகொள்ளும். ஓரிரண்டு ஏக்கர்க் குடும்பம் வானத்தையே நம்பியிருக்கிறது. சிறு தோட்டங்களுக்குப் பொதுவாக மழைநீர்க் குட்டைகள் வெட்டித் தருவது மிகத் தேவையான உதவி என்பது என் உறுதியான கருத்து.

என்னை மிகவும் வியக்கவைத்தது இனிமேல் சொல்வதுதான். இதே மலையின் அடிவாரத்தில், சேலத்து மாந்தோப்புகளில், மாமரங்களும் மார்கழிக் குளிரையும் வறட்சியையும் பெற்ற பிறகே நன்றாகப் பூக்கின்றன. பூக்குமுன் தோப்புக்கு நீர் பாய்ச்சுவதை நிறுத்துவதும் அதனால்தான். அதாவது மேலே உள்ள காப்பிக்கும் கீழே உள்ள மாவுக்கும் தாகம் பொது. ஆனால் மாவுக்கு எழுப்பிவிட மழை தேவையில்லை. மாசியில் அது பூவும் பிஞ்சுமாக நிற்கிறது; அப்போது மழை பெய்து ஈரம் தங்கினால் பூங்கொத்துகளில் பூஞ்சை நோய் பரவும், காற்றும் சேர்ந்தால் பிஞ்சுகள் உதிரும். ஆகவே ஒரே மேகத்தை மேலே ஒரு குடும்பம் வா என்று அழைக்க, கீழே ஒரு குடும்பம் வராதே என்று வேண்டுகிறது. இரண்டு வேண்டுதலும் உழைத்தவர்களின் வேண்டுதல்தான். மல்கோவாவையும் மலைக் காப்பியையும் ஒருசேர விரும்பும் சேலத்துக்காரர்கள், மாசி மழை பெய்யும்போது யாருக்காக மகிழ்வது என்று கீழே எழுதுங்கள்; நான் ஒவ்வொன்றாகப் படிப்பேன்.

(காட்சி: மழைக்குப் பிந்தைய விடியற்காலை. கிளைகள் முழுதும் வெண்ணிறப் பூக்கள்.)

மழை பெய்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எட்டிலிருந்து பத்து நாளுக்குள், ஒரு விடியற்காலையில், தோட்டம் முழுதும் ஒன்றாகப் பூக்கிறது. மணம் மல்லிகையை ஒத்தது. ஒரே மழையில் விழித்ததால் எல்லா மொட்டுகளும் ஏறக்குறைய ஒரே நாளில் விரிகின்றன. ஓரிரண்டு நாளில் வாடியும் விடுகின்றன. அராபிகா தன் மகரந்தத்தாலேயே கருவுறும் இனம். ஆயினும் தேனீக்கள் வந்தால் காய்ப்பிடிப்பு கூடும். எனவே இக்குடும்பம் அடுக்குத்தேனீப் பெட்டிகளை முன்கூட்டியே துப்புரவாக்கி வைத்திருக்கிறது. பூக்காலத்தில் எந்த மருந்தும் தெளிப்பதில்லை.

பூத்த நாள்களில் இவர்கள் செய்யும் வேலை, தோட்டத்துக்குள் நுழையாமல் இருப்பதுதான். கவாத்துக் கத்தி, ஏணி, கூடை எல்லாம் வீட்டில் இருக்கின்றன. பூங்கிளைகளை உரசினால் பூ உதிரும், காய்ப்பிடிப்புக் கெடும். பூத்த சில வாரங்களில் இன்னொரு மழை பெய்தால் பிஞ்சு நிலைக்கும். அதன் பிறகு எட்டு ஒன்பது மாதங்கள் கழித்தே பழம். கோடை விழாவுக்காக மே மாதத்தில் மலையேறுகிறவர்கள் காண்பது பச்சை நிறத்தை மட்டுமே. பங்குனியில் வருகிறவர்களுக்குத்தான் இந்த வெண்மை வாய்க்கும். அப்படி வரும்போது, படம் எடுப்பதற்காகச் செடிகளுக்கு இடையே இறங்காதீர்கள். சாலையில் நின்றே பாருங்கள்; அங்கேயே மணம் வந்துவிடும்.