வெட்டி விடத் தெரிஞ்ச சுவிட்சா பாத்து வாங்குங்க

வணக்கம். வீட்டுல கேக்குதவங்களுக்கும், சாயாக்கடையில ரேடியோவ ஓட விட்டுட்டு வேலை பாக்குத அண்ணாச்சிமாருக்கும் வணக்கம். மைக் முன்னால பேசுதது எனக்கு புதுசு இல்ல, வீட்டுல தெனமும் பேசுதேன், ஆனா அங்க நான் "ஓவர்"னு சொன்னா எதிர்ல ஒருத்தரு பதில் சொல்லுவாரு, இங்க முழு நேரமும் நானே பேசணுமாம், அதான் கொஞ்சம் கூச்சமா இருக்கு.

எனக்கு தக்கலை பக்கம் வீடு. தொழிலு டிவி, ரேடியோ ரிப்பேர், பொழுதுபோக்கு ஹாம் ரேடியோ, அதாவது லைசென்ஸ் வாங்கிட்டு சொந்த வயர்லெஸ் செட்டுல மத்த ஊர்க்காரங்ககிட்ட பேசுதது. எங்கப்பா சாயங்காலம் ஆனா இலங்கை வானொலிய போட்டுட்டு திண்ணையில உக்காந்திருவாரு, மத்திய அலையில கடலத் தாண்டி அடுத்த வீட்டுல பேசுத மாதிரி வரும், அந்தக் கிறுக்கு எனக்கும் ஒட்டிக்கிட்டு. பொறவு மத்திய அரசுல வயர்லெஸ் லைசென்ஸ் பாக்குத டபிள்யூ.பி.சி நடத்துத பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினேன். 12 வயசு ஆயிட்டுன்னா பிள்ளைகளும் எழுதலாம், போன வச்சிட்டு மூலையில இருக்க பிள்ளைய வீட்டுல இருந்தா சொல்லிப் பாருங்க.

இன்னைக்கு சொல்ல வந்தது ஆண்டெனா சுவிட்ச் பத்தி, அதாவது ஒரு செட்ட எந்த ஆண்டெனாவுல சேக்கணும்னு குமிழத் திருப்பி மாத்துத பெட்டி. எங்க வீட்டுல ஒரு தென்னைக்கும் ஒரு அயனி மரத்துக்கும் நடுவுல 20 மீட்டர் நீளத்துல கம்பி கட்டியிருக்கேன், அது 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு உள்ள டைபோல், அதாவது நடுவுல கேபிள் குடுத்த ரெண்டு கைக் கம்பி ஆண்டெனா. மாடியில ஒரு குச்சி ஆண்டெனா நிக்குது, அது 144-ல இருந்து 146 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும். முதல்ல எல்லாம் செட்டுக்குப் பின்னால கைய விட்டு ஒண்ணக் கழட்டி இன்னொண்ண மாட்டுவேன், தடவித் தடவி மாட்டி மாட்டி மரையே தேஞ்சு போச்சு. சுவிட்ச் இருந்தா குமிழத் திருப்புனா போதும். செரின்னு ஆன்லைன்ல இருக்கதுலயே வெல கொறஞ்ச ஒண்ண வாங்கினேன், அங்கதான் கூத்து ஆரம்பிச்சுது.

அந்த சுவிட்ச திருப்பிப் போட்டேன், அதாவது ஒரே ஆண்டெனா, ரெண்டு செட்டு. ஒண்ணாம் பக்கம் 50 வாட் வயர்லெஸ் செட், ரெண்டாம் பக்கம் கம்ப்யூட்டர்ல குத்துத சின்ன ரிசீவர். குமிழு ஒண்ணுலதான் இருந்துது, நான் சத்தியமா பாத்துட்டுதான் பட்டன அமுக்கினேன், பேசி முடிச்சிட்டு ரெண்டாம் பக்கம் திருப்புனா ரிசீவர்ல வெறும் இரைச்சல், ஸ்டேஷனே இல்ல, செத்துப் போச்சு. முதல்ல ரிசீவரத்தான் திட்டினேன். பொறவு சிநேகிதன்கிட்ட இருந்து நானோ வி.என்.ஏங்குத சின்ன அளவுக் கருவிய வாங்கியாந்து அளந்து பாத்தா 145 மெகாஹெர்ட்ஸ்ல அந்த சுவிட்ச் ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல குடுக்குத தடுப்பு 30 டெசிபல்தான். டெசிபல்ங்குதது சிக்னல் எத்தனை மடங்கு கொறையுதுன்னு சொல்லுத அளவு, கேக்க பெரிய நம்பர் மாதிரி இருக்கும். கணக்கு என்னன்னா 30 டெசிபல்னா 1,000-ல ஒரு பங்கு கசியுது, 50 வாட்டுல 50 மில்லிவாட்டு. மில்லிவாட்டுல கோடியில ஒரு பங்குக்கும் கொறைவான சிக்னலப் புடிக்கதுக்குன்னு செஞ்ச ரிசீவர் வாயில போயி 50 மில்லிவாட்ட ஊத்துனா அது என்ன செய்யும் பாவம். இதுவே 60 டெசிபல்னா 10 லட்சத்துல ஒரு பங்கு, ரிசீவரு பொழச்சுக் கெடந்திருக்கும்.

நம்ம நாஞ்சில் நாட்டுக்காரங்களுக்கு இத சொல்லிப் புரிய வைக்க வேண்டாம். மடையத் தொறந்தா தண்ணி எல்லா மடையிலயும்தான் வரும், அடைச்ச பொறவு கசியுதான்னு பாத்துதான் மடை நல்லதா இல்லியான்னு சொல்லுவோம். சுவிட்சும் அப்படித்தான். கடைக்காரங்ககிட்ட போயி "இதுல லாஸ் எவ்வளவு"ன்னுதான் எல்லாரும் கேக்காங்க, 0.1 டெசிபலா 0.2 டெசிபலான்னு அடிச்சிக்கிடுதாங்க, 0.1 டெசிபல் நட்டம்னா 100 வாட்டுல ரெண்டு ரெண்டரை வாட்டு போவும், அது போனா போவட்டும். இந்த ஐசோலேஷன்னு சொல்லுத தடுப்பு எத்தனை டெசிபல், அதுவும் எந்த ஃப்ரீக்வென்சியில, அதாவது எந்த அலைவரிசையில, அத மொதல்ல கேளுங்க. ஏன்னா அலைவரிசை ஏற ஏற தடுப்பு கொறையும், உள்ள ரெண்டு தகடும் தொடாமலே பக்கத்துல பக்கத்துல இருந்தா கெப்பாசிட்டர் மாதிரி ஆயிரும்லா, அதான் காரணம். பெட்டியில 30 மெகாஹெர்ட்ஸுக்கு உள்ள நம்பர மட்டும் போட்டுட்டு மேல "500 மெகாஹெர்ட்ஸ் வரை"ன்னு பெருசா அச்சடிச்சிருப்பாவ, அதுல ஏமாந்திராதுங்க.

செத்த ரிசீவருக்கு அடக்கம் பண்ணிட்டு அந்த சுவிட்சப் பொளந்து பாத்தேன். பழைய ரேடியோவுல உள்ள பேண்ட் சுவிட்ச் மாதிரி ஒரு தகடு, சாக்கெட்டுல இருந்து அதுக்கு 5 சென்டிமீட்டர் சாதா வயரு, அவ்வளவுதான். 7 மெகாஹெர்ட்ஸ்ல ஒரு அலையோட நீளம் 42 மீட்டர், அங்க 5 சென்டிமீட்டர் ஒரு பொருட்டே இல்ல. 435 மெகாஹெர்ட்ஸுக்குப் போனா அலையே 69 சென்டிமீட்டர்தான், அப்பம் அந்த துண்டு வயரே ஒரு குட்டி ஆண்டெனா கணக்கா ஆயி எஸ்.டபிள்யூ.ஆர, அதாவது அனுப்புன பவர் எவ்வளவு திரும்பி வருதுன்னு காட்டுத கணக்க, கெடுத்து விடும். நல்ல சுவிட்ச கையில எடுத்தா கனமா இருக்கும், முழு உலோகத்த வார்த்து உள்ள அறை அறையா தடுத்து செஞ்சிருப்பாவ, தாய்வா கம்பெனியோட சி.எஸ்-201 அந்த மாதிரி ஒண்ணு, ரெண்டு ஆண்டெனாவுக்கு உள்ளது. அதுல இன்னொரு நல்ல காரியம், நம்ம பயன்படுத்தாத பக்கம் தானா எர்த்துக்கு போயிரும். வாங்குததுக்கு முன்ன ஒரு மல்டிமீட்டர் இருந்தா கடையிலயே பாத்துரலாம், பயன்படுத்தாத பக்கத்து சாக்கெட்டோட நடு முள்ளுக்கும் வெளி உடம்புக்கும் பீப் அடிக்கணும். பீப் அடிக்கலன்னா அந்த ஆண்டெனா சும்மா அந்தரத்துல தொங்குதுன்னு அர்த்தம்.

கனெக்டர் பத்தி ரொம்ப சொல்ல வேண்டாம், 7 மெகாஹெர்ட்ஸ், 14 மெகாஹெர்ட்ஸ் எல்லாத்துக்கும் நம்ம பி.எல்-259 தாராளம், 435-க்குப் போறவங்க என்-டைப் உள்ள சுவிட்சா வாங்கிருங்க. கேபிள் டிவிக்காரங்க வச்சிருக்க சுவிட்ச், ஸ்ப்ளிட்டர் எல்லாம் 75 ஓம், நம்ம செட்டு 50 ஓம், பாட்டு கேக்க மட்டும்னா பரவால்ல, அதுவழியா பவர் அனுப்பிராதுங்க. அனுப்பிட்டு என் கடைக்கும் கொண்டு வராதுங்க.

வாட்டு கணக்கு. 50 ஓம்ல 100 வாட் போனா அங்க சுமார் 70 வோல்ட் இருக்கும், ஆனா அது ஆண்டெனா ஒழுங்கா இருந்தா. எஸ்.டபிள்யூ.ஆர் 3-ன்னு கெடந்தா அதே வாட்டுக்கு சில எடத்துல 120 வோல்ட்டத் தாண்டிரும். பெட்டியில எழுதியிருக்க வாட்டு நல்ல ஆண்டெனாவுக்கு உள்ள வாட்டு, அதனால நம்ம அனுப்புததுக்கு நாலு மடங்காவது தாங்குததா பாத்து வாங்குதது நல்லது. பேசிட்டு இருக்கும்போது குமிழத் திருப்பவே கூடாது, உள்ள பொறி பறந்து முள்ளு கரிஞ்சிரும், அந்த நேரம் செட்டுக்கு ஆண்டெனாவும் இல்ல, ரெண்டும் சேந்து போவும்.

இனி நம்ம ஊரு சமாச்சாரம். குளச்சல், முட்டம் பக்கம் கடலோரத்துல வீடு உள்ளவங்க கவனிங்க, உப்புக் காத்துக்கு ஆணியே நிக்காது, சுவிட்ச் நிக்குமா. முட்டத்துல ஒரு சிநேகிதன் மாடியில டப்பாவுக்குள்ள சுவிட்ச வச்சிருந்தான், ஒரு வருஷத்துல குமிழு பச்சை புடிச்சு இறுகிப் போச்சு. சுவிட்ச வீட்டுக்குள்ள வைங்க. நாலஞ்சு ஆண்டெனா இருந்து எல்லாத்துக்கும் கேபிள் இழுக்க கட்டாதுன்னா ரிலே சுவிட்ச் மேல வைக்கலாம், 12 வோல்ட் குடுத்து கீழ இருந்து மாத்தலாம், கேபிள் செலவு மிச்சம்தான், ஆனா கடலோரத்துல நான் வைக்க மாட்டேன். மலைப்பக்கம், குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம்னா யோசிக்கலாம்.

இடி. சித்திரை வைகாசியில கோடை மழை, பொறவு ஐப்பசியில, சாயங்காலம் மலைப்பக்கம் கறுத்துட்டு வந்து ஒரு மணிக்கூர் அடிச்சுத் தள்ளும், எல்லாருக்கும் தெரியும். சில சுவிட்ச்ல கேஸ் டியூப், அதாவது வாயு அடைச்ச சின்னக் குழல், வச்சிருக்கு, எர்த் பண்ணுத பொசிஷன் இருக்கு, அதப் பாத்துட்டு "எனக்கு இடிய பத்திக் கவல இல்ல"ங்காவ. தூரத்துல இடி விழுந்து கம்பியில ஏறுத சின்ன வோல்டேஜ அந்த டியூபு எர்த்துக்கு தள்ளும், உண்மைதான், அதுவும் எர்த் ஒழுங்கா இருந்தா, கோடையில நம்ம செம்மண்ணு காஞ்சு கல்லு மாதிரி ஆயிரும்லா அப்பம் எர்த்தும் சரியா இருக்காது. நேரா விழுந்தா? காத்துல ஒரு மில்லிமீட்டரத் தாண்ட ஏறக்குறைய 3,000 வோல்ட் போதும், சுவிட்சுக்குள்ள எடைவெளி ரெண்டு மில்லிமீட்டர் இருக்குமா. வானத்துல இருந்து கிலோமீட்டர் கணக்குல வந்தவன் அங்க வந்து நிப்பானா. அதனால மேகம் கறுக்கும்போதே கேபிளக் கழட்டி வீட்டுக்கு வெளிய எர்த் கம்பியில மாட்டிருங்க. கழட்டி மேசை மேல போட்டா கழட்டாததுக்கு சமம். இடிச் சத்தம் கேட்ட பொறவு கழட்டப் போவாதுங்க, செட்டு போனா போவட்டும்.

ஒக்கிப் புயல் வந்தது 2017 நவம்பர் 30. அன்னைக்கு நம்ம மாவட்டம் பட்ட பாடு சொல்ல வேண்டாம், எங்க வீட்டு தென்னையும் சாஞ்சு டைபோல் கம்பி சேத்துக்குள்ள கெடந்துது, கரண்ட் இல்ல, போன்ல சிக்னல் இல்ல. காத்து ஓஞ்ச பொறவு பேட்டரிய போட்டு குமிழ மாடி ஆண்டெனாவுக்குத் திருப்பினேன், குச்சி கொஞ்சம் சாஞ்சிருந்தாலும் வேலை செஞ்சுது. அந்த சுவிட்ச் ரெண்டாவது வாங்கினது, வெல கூடுன கனமான சுவிட்ச், வாங்கின அன்னைக்கு வீட்டுக்காரி ஒரு வாரம் பேசல.

இப்பம் எங்க வீட்டுல நாலு பொசிஷன். ஒண்ணுல டைபோல், திரும்பக் கட்டினது. ரெண்டுல மாடிக் குச்சி. மூணுல மத்திய அலை கேக்க ஒரு நீளக் கம்பி, இலங்கை ஸ்டேஷன் தேடுததுக்கு. நாலுல டம்மி லோடு, அதாவது ஆண்டெனாவுக்கு பதிலா 50 ஓம் ரெசிஸ்டர், காத்துல எதுவும் போவாம செட்ட டெஸ்ட் பண்ணிக்கிடலாம். பேசி முடிச்சதும் குமிழ நாலுல விட்டிருவேன், பேரன் வந்து பட்டன அமுக்கினாலும் செட்டுக்கு ஒண்ணும் ஆவாது. நன்றி, வணக்கம்.