3,900 சர்வர் 30 மெஷினுக்குள்ள போனா, வேலை எங்க போகும்?

[திரை: சின்னக் கொம்பனி ஒண்டின்ர ஏசி அறை, உள்ள மூண்டு சர்வர்]

வணக்கம். யாழ்ப்பாணத்தில கொஞ்சம் வளர்ந்த கொம்பனி ஒண்டுக்குள்ள போனா இப்பிடி ஒரு அறை இருக்கும். கணக்குக்கு ஒரு சர்வர், மெயிலுக்கு ஒண்டு, சம்பளத்துக்கு ஒண்டு. முக்காவாசி நேரம் மூண்டும் சும்மா நிக்கும். கரண்ட் பில் மட்டும் சும்மா நிக்காது.

பெரிய கொம்பனியளில இது ஆயிரக்கணக்கில. 2007 ஆகஸ்டில ஐபிஎம் தன்ர 3,900 சர்வரை லினக்ஸ் எண்ட இயங்குதளம் ஓடுற கிட்டத்தட்ட 30 மெயின்பிரேமுக்குள்ள (கன வேலையை ஒண்டாச் செய்யிற பெரிய கம்ப்யூட்டர்) கொண்டுவரப் போறன், மின்சாரம் 80 வீதம் குறையும் எண்டு அறிவிச்சது. மெயின்பிரேம் விக்கிறதும் அவைதான், அதையும் மனசில வைச்சுக் கேளுங்கோ.

[திரை: ஒரு பெட்டிக்குள்ள நிறையச் சின்னப் பெட்டியள்]

இதின்ர அடி பழசு. ஒரு மெஷினைப் பல மெஷின் மாதிரிக் காட்டுற ஐபிஎம்மின்ர விஎம்/370 எண்ட மென்பொருள் வந்தது 1972இல. அதின்ர வாரிசு இசட்/விஎம். கலியாண வீட்டில ஆளுக்கொரு அடுப்பு மூட்டாமல் ஒரே கிடாரத்தில காய்ச்சிற மாதிரித்தான்: ஒரு சர்வர் சும்மா இருக்கேக்க அதின்ர பங்கை மற்றது எடுக்கும். ஆனா முதலாளி கையெழுத்து வைக்கிறது பெரும்பாலும் கரண்டுக்காக இல்லை, லைசென்சுக்காக. கன டேட்டாபேஸ் மென்பொருளுக்கு புரொசசர் கோர் கணக்கில காசு. கோர் குறைஞ்சா பில்லும் குறையும்.

இனி வேலைக்கு வருவம். முதல் அடி விழுறது சர்வர் அறையோட கட்டுண்ட வேலைக்கு: ராக்கில பூட்டுறது, கேபிள் இழுக்கிறது, பழுதான டிஸ்க் மாத்துறது. புதுசா வாற பெடியள் தொழில் பழகிறதே இதிலதான். எனக்குக் கவலை அந்த முதல் படி போறதில. மிஞ்சிற ஆக்களோ கொஞ்சப்பேர். ஆனா இசட்/விஎம், ஸ்டோரேஜ், பாதுகாப்பு எல்லாம் ஆழமாத் தெரிஞ்சிருக்கோணும், ஒரு மெஷின் விழுந்தா நூறு சர்வர் சேர்ந்து விழும். அப்பிடிப்பட்ட ஆக்கள் ஓய்வு பெற்றுப் போனா என்ன நடக்கும் எண்டதுக்கு, 2020 ஏப்ரலில அமெரிக்காவின்ர நியூ ஜெர்சி ஆளுநர் கோபோல் (COBOL) எண்ட பழைய மெயின்பிரேம் புரோகிராம் மொழி தெரிஞ்சவை உதவிக்கு வாங்கோ எண்டு பகிரங்கமாக் கேட்டதைப் பாருங்கோ. கோபோல் 1959இல பிறந்த மொழி.

[திரை: லினக்ஸ் டெர்மினல்]

எங்களுக்கு இதில ஒரு வழி இருக்கு. கேபிள் இழுக்கிற வேலைக்கு மெஷின் இருக்கிற ஊருக்குத்தான் போகோணும். மிஞ்சிற வேலையைக் கோண்டாவிலில இருந்தும் செய்யலாம். சென்னைப் பெடியனும் செய்யலாம் எண்டது வேற கதை. படிச்ச லினக்ஸ் கட்டளையள் மெயின்பிரேமிலயும் அதேதான். ஆனா இன்டெல் புரொசசருக்குக் கம்பைல் செய்த, அதாவது அதின்ர மொழிக்கு மாத்தின புரோகிராம் அங்க ஓடாது. திருப்பிக் கம்பைல் செய்யோணும். பைட் ஒழுங்கும், அதாவது ஒரு எண்ணின்ர பைட்டுகளை மெமரியில வைக்கிற வரிசையும் தலைகீழ், கவனமில்லாமல் எழுதின சி புரோகிராம் அதிலதான் மாட்டும்.

லினக்ஸ்வன் எண்டது லினக்ஸுக்கெண்டே ஐபிஎம் செய்யிற மெயின்பிரேம். ஐபிஎம்மின்ர லினக்ஸ்வன் கம்யூனிட்டி கிளவுட்டில பழகிறதுக்கு லினக்ஸ் மெஷின் ஒண்டை இலவசமா எடுக்கலாம். நீங்கள் எழுதின புரோகிராம் ஒண்டை அதில கம்பைல் செய்துபோட்டு, என்ன பிழை வருதெண்டு கீழ எழுதுங்கோ.