கணக்கு வாசிக்கும்போது எழுந்து போகாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

கிராம சபை நடக்கும் நாளில் ஒரு காட்சியை அடிக்கடி பார்த்திருக்கிறேன். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட முண்டியடிப்பார்கள். ஊராட்சிச் செயலர் வரவு செலவுக் கணக்கை வாசிக்கத் தொடங்கியதும் பந்தல் பாதி காலியாகிவிடும். தமிழ்நாட்டு ஊராட்சிகளைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். எழுந்து போன அந்தப் பாதிப் பேரிடம்தான் பேச விரும்புகிறேன்.

ஊராட்சிகளுக்கு அரசமைப்பில் இடம் தந்த 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. மறு ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. குடிநீர், தெருவிளக்கு, சாலை, வடிகால், துப்புரவு, சுடுகாடு, இடுகாடு ஆகியவை கிராம ஊராட்சி செய்தே தீர வேண்டிய வேலைகள். படிப்பகம், விளையாட்டுத் திடல் போன்றவை விரும்பினால் செய்யலாம். அந்த விருப்பப் பட்டியலில் ஊருக்கு ஒரு வானொலிப் பெட்டி வைப்பதும் உண்டு என்பதை இந்த நிலையத்திலிருந்து சொல்வதில் எனக்குக் கொஞ்சம் மகிழ்ச்சி.

வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் இவையெல்லாம் ஊராட்சியின் சொந்த வருமானம். பல ஊர்களில் இது போதாது. மத்திய, மாநில நிதிக் குழுக்களின் மானியத்தில்தான் வண்டி ஓடுகிறது. பணத்தை எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் இருவரின் ஒப்பமும் வேண்டும். இருவருக்கும் மனத்தாங்கல் வந்துவிட்டால் பழுதான மோட்டாரைச் சரிசெய்யும் பணம்கூட நகராது.

இனி கிராம சபைக்கு வருவோம். பலர் இதை மனு கொடுக்கும் நாள் என்று நினைக்கிறார்கள். பட்டா வேண்டும், முதியோர் உதவித்தொகை வேண்டும் என்று தலைவரைச் சூழ்ந்துகொள்கிறார்கள். இரண்டும் வருவாய்த் துறையின் கையில் இருப்பவை. பாவம், தலைவர் தலையாட்ட மட்டுமே முடியும். அதே நேரத்தில், அவர் பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்விகளை யாரும் கேட்பதில்லை. ஊராட்சியின் வரவு செலவுத் திட்டத்துக்கும், கிராம வளர்ச்சித் திட்டத்துக்கும், சென்ற ஆண்டின் தணிக்கை அறிக்கைக்கும் ஒப்புதல் தருவது கிராம சபை. அந்த ஆழ்துளைக் கிணற்றுக்கு எவ்வளவு செலவானது, எத்தனை தெருவிளக்கு வாங்கினீர்கள், எத்தனை எரிகிறது என்று கேட்க வேண்டிய இடம் அதுதான்.

கிராம சபையில் உறுப்பினராக யாரும் தேர்தலில் நிற்க வேண்டியதில்லை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள் ஆகிய நான்கோடு, மார்ச் 22, நவம்பர் 1 என இப்போது ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள். 500 பேர் வரை வசிக்கும் ஊராட்சியில் 50 பேர் வந்தாக வேண்டும். 10,000 பேருக்கு மேல் இருந்தால் 300 பேர். 2016இல் நடந்திருக்க வேண்டிய ஊரகத் தேர்தல் பெரும்பாலான மாவட்டங்களில் 2019 டிசம்பர் வரையும், ஒன்பது மாவட்டங்களில் 2021 அக்டோபர் வரையும் தள்ளிப்போனது. அதுவரை தலைவரும் இல்லை, வார்டு உறுப்பினரும் இல்லை. தனி அலுவலர்களே நிர்வாகம் பார்த்தார்கள். அப்போதும் கிராம சபை கலையவில்லை. வாக்காளர்களை யார் கலைப்பது?

உள்ளாட்சி என்றாலே உத்திரமேரூர்க் கல்வெட்டையும் குடவோலையையும் சொல்லிப் பெருமைப்படுகிறோம். அது நிலமுள்ள அந்தண ஆண்களின் சபை என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் முதலாம் பராந்தகன் காலத்து அந்தக் கல்வெட்டில் என்னைக் கவர்வது குடத்தில் ஓலை போடும் முறையன்று. வாரியத்தில், அதாவது சபையின் வேலைகளைப் பார்த்த குழுவில், இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவரின் பெயரைக் குடத்தில் இடக்கூடாது என்கிறது அது. அத்தோடு விடவில்லை. அவருடைய சித்தி, பெரியம்மா மக்கள், அத்தை, மாமன் மக்கள், பெண் கொடுத்த மாமனார், மைத்துனர், மருமகன், தகப்பன், மகன் என ஒவ்வோர் உறவாக எண்ணி, அத்தனை பேருக்கும் கதவை அடைத்துவிடுகிறது.