தாதரில் இரண்டு ஒண்ணாம் நம்பர்

நேயர்களுக்கு வணக்கம். மும்பையின் தாதர் ஸ்டேஷனைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் ரயில்வேக்காரன் இல்லை. சயானில் ஏறி ஃபோர்ட்டுக்குக் குமாஸ்தா வேலைக்குப் போய்வந்தவன், அவ்வளவுதான்.

என் தங்கை கல்யாணத்துக்கு முந்தின நாள் நடந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். விடிவதற்குள் தாதர் பூ மார்க்கெட்டில் பூ வாங்கியாக வேண்டும். மலாடில் இருந்த சித்தப்பா பையன், "அண்ணே, அஞ்சு மணிக்கு ஒண்ணாம் நம்பர் பிளாட்பாரத்துல இண்டிகேட்டருக்குக் கீழ நில்லுங்க" என்றான். இண்டிகேட்டர் என்றால் அடுத்த வண்டியைக் காட்டும் பலகை. நின்றேன். அவனும் நின்றான். ஆறு மணியாகியும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவில்லை. கையில் போன் இல்லாத காலம். கடைசியில் ஆளுக்கொரு கோபத்தோடு, நடைமேடைகளை இணைக்கும் பிரிட்ஜில் ஏறி, நடுவில் எதிரெதிரே முட்டிக்கொண்டோம். அவன் நின்றது வெஸ்டர்ன் லைன் ஒண்ணாம் நம்பர். நான் நின்றது சென்ட்ரல் லைன் ஒண்ணாம் நம்பர். இங்கே ஜெண்டு என்கிற செண்டுமல்லி வாசம் அவன் மூக்கில் ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. மார்க்கெட் அந்தப் பக்கம்தான். நானோ ஸ்டேஷனின் நட்ட நடுவில் நின்றிருக்கிறேன்.

ஒரே ஸ்டேஷனில் எப்படி இரண்டு ஒண்ணாம் நம்பர்? காரணம், தாதர் ஒரே ஸ்டேஷனாகக் கட்டப்பட்டதே இல்லை. 1853 ஏப்ரல் 16-ல் போரிபந்தரிலிருந்து தானேக்கு முதல் பயணிகள் ரயில் போனதே, அது ஜி.ஐ.பி. என்ற ரயில் கம்பெனியின் தடம். அந்தத் தடம்தான் இன்றைய சென்ட்ரல். குஜராத் பக்கமிருந்து வந்த பி.பி.சி.ஐ. கம்பெனி 1864-ல் பம்பாய்க்குள் நுழைந்தது. 1867-ல் விராரிலிருந்து நகரத்துக்கு லோக்கல் விட்டது. அது வெஸ்டர்ன். இரண்டும் போட்டிக் கம்பெனிகள். பக்கத்துப் பக்கத்தில் தண்டவாளம் போட்டன, தனித்தனியாக நடைமேடை கட்டின, தனித்தனியாக ஒன்றிலிருந்து எண்ணின. அவரவர் பிரயாணி அவரவர் வண்டியில் போனால் போதும் என்பதுதான் கணக்கு. இறங்கி மாறுகிறவனைப் பற்றி அப்போது யார் நினைத்தார்கள்?

1951 நவம்பர் 5-ல் சென்ட்ரல் ரயில்வே, வெஸ்டர்ன் ரயில்வே இரண்டும் ஒரே நாளில் பிறந்தன. இரண்டும் சர்க்கார் வீட்டுப் பிள்ளைகள்தான். ஆனாலும் தாதரில் ஒரே வீட்டில் இரண்டு அடுப்பாகவே இருந்தார்கள். நம்பரை ஒழுங்குபடுத்தியது 2023 டிசம்பரில்! வெஸ்டர்ன் 1 முதல் 7 வரை அப்படியே. சென்ட்ரல் 8-லிருந்து 14 வரை. 72 வருஷம் பிடித்திருக்கிறது. பெயின்ட் டப்பாவும் அறிவிப்புப் பலகையும்தானே தேவைப்பட்டது என்று எனக்கு இன்னும் ஆற்றாமை உண்டு. அதிலும் ஒரு குசும்பு. சென்ட்ரலின் பழைய 1 இப்போது 8. அப்படியானால் பழைய 3 பத்தாகத்தானே வேண்டும்? இல்லை, 9. பழைய 2-ஐ மூடிவிட்டார்கள். பழைய நம்பரோடு 7-ஐக் கூட்டிக் கணக்குப் போட்டவர்கள் தப்பான படியில் இறங்கித் திரும்பி ஏறினார்கள்.

எண் மாறினாலும் தாதரின் உயிர் பிரிட்ஜில்தான். மராத்தியில் தாதர் என்றாலே மாடிப்படி என்பார்கள். பெயர்ப் பொருத்தம் பாருங்கள். பழகிய ஆள் பிரிட்ஜை வைத்துத்தான் டப்பாவை, அதாவது ரயில் பெட்டியை, தேர்ந்தெடுப்பான். எந்தக் கதவில் தொங்கினால் படிக்கட்டுக்கு நேரே இறக்கிவிடும் என்பது அவனுக்கு மனப்பாடம். மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆளாக, ஃபோர்த் சீட்டில் பாதி உடம்போடு ஒட்டியிருந்தவன்கூட தாதர் வருமுன்பே எழுந்துவிடுவான். படியில் பாதி ஏறும்போதே கண் அந்தப் பக்க இண்டிகேட்டரைத் தேடும்: ஃபாஸ்டா, ஸ்லோவா, பன்னிரண்டு டப்பாவா, பதினைந்தா. பிரிட்ஜ் குறுகினால் என்ன ஆகும் என்பதைப் பக்கத்து ஸ்டேஷனில் பார்த்தோம். 2017 செப்டம்பர் 29, மழை நாள். பரேலையும் பிரபாதேவியையும் இணைக்கும் பிரிட்ஜில் நெரிசல். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பிரபாதேவிக்கு அப்போது எல்பின்ஸ்டன் ரோடு என்று பெயர். பிறகு ராணுவம் வந்து புது பிரிட்ஜ் போட்டது.

கிழக்கே வெளியே வந்தால் தாதர் டி.டி. டி.டி. என்றால் டிராம் டெர்மினஸ். கடைசி டிராம் 1964 மார்ச் 31-ல் ஓடி நின்றுவிட்டது. இன்றும் டாக்ஸிக்காரரிடம் டி.டி. என்றால் போதும். மேற்கே போனால் சிவாஜி பார்க், அதைத் தாண்டி அம்பேத்கர் நினைவிடமான சைத்யபூமி. டிசம்பர் 6 அம்பேத்கர் நினைவு நாளில் இந்த பிரிட்ஜ்களில் லட்சக்கணக்கான ஜனங்கள் நடப்பார்கள். அவர் வாழ்ந்த ராஜகிருஹம் கிழக்குப் பக்கம், இந்து காலனியில்.

நம் தமிழர்களுக்குத் தாதர் இன்னொரு விதத்தில் முக்கியம். தாதரைத் தாண்டியதும் இரண்டு லைனும் கவட்டை மாதிரிப் பிரிகின்றன. ஒன்று மாட்டுங்கா ரோடு, மாஹிம் என்று போகும்; மற்றொன்று மாட்டுங்கா, சயான் என்று போகும். அந்தக் கவட்டைக்கு நடுவில் இருப்பதுதான் நம்மவர்கள் நிறைய வாழும் தாராவி. ஆகவே தாராவிக்காரனுக்கு இரண்டு லைனும் சொந்தம். திருநெல்வேலியிலிருந்து சாளுக்கியா எக்ஸ்பிரஸும் தாதருக்கே வந்து நிற்கிறது. மூட்டையும் முறுக்கு டின்னுமாக இறங்குகிறவர்களைக் கூட்டிவர நான் எத்தனையோ தடவை போயிருக்கிறேன்.

அப்படி யாரையாவது அழைக்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தாராவியில் 90 அடி ரோட்டுக்குப் போவதானால் சென்ட்ரலில் சயானுக்கு ஏறுங்கள், ஸ்லோ லோக்கல். அங்கேயே 13-வது காம்பவுண்டுக்கு என்றால் மூட்டையோடு பிரிட்ஜ் ஏறி வெஸ்டர்னில் மாஹிம். பெரியவர்கள் கூட வந்தால் பிரிட்ஜ் வேண்டாம், கிழக்கே வெளியே வந்து டாக்ஸி பிடித்துவிடுங்கள். எங்கே நிற்பது என்று போனில் பேசும்போது புது நம்பரைச் சொல்லுங்கள். அந்தச் சித்தப்பா பையன் மட்டும் இன்னும் பழைய நம்பரைத்தான் சொல்கிறான்.