யானை செத்தாலும் ஆயிரம் பொன்

(போன வாரம் எங்க ஊர் நூலக விழாவுல பேசினது. கேட்டவங்களுக்காக டைப் பண்ணிப் போடறேன்.)

தலைமை தாங்கற தமிழாசிரியர் ஐயா அவர்களே, பஞ்சாயத்து தலைவர் அம்மா அவர்களே, ஹால் குடுத்ததோட இல்லாம மைக் செட்டுக்கும் சொல்லிவிட்ட அரிசி மண்டி அண்ணாச்சி அவர்களே, ரெண்டு மணியிலேர்ந்து நாற்காலி தூக்கிப்போட்ட பசங்களே, எல்லாருக்கும் வணக்கம். யாரு பேராவது விட்டுப்போயிருந்தா மன்னிச்சுக்குங்க.

பழங்காலத்து குறி பார்க்கிற வழக்கம் பத்தி மூணு விஷயம் பேசணும்னு வந்தேன். சீனாக்காரன் எலும்பு, பாபிலோன்காரன் ஆட்டு ஈரல், நம்ம சங்க காலத்து விரிச்சி, அதாவது காதுல தற்செயலா விழற சொல்ல வெச்சு குறி பாக்கறது. எங்க பாட்டி அடிக்கடி சொல்லும், யானை இருந்தாலும் ஆயிரம் பொன், செத்தாலும் ஆயிரம் பொன். அதை மனசுல வெச்சுக்கிட்டு கேளுங்க.

சீனாவுல ஷாங் ராஜாக்கள், 3200 வருஷம் முன்னாடி, எதுக்கெடுத்தாலும் குறி கேப்பாங்க. மழை வருமா, சண்டைக்கு போலாமா, ராஜாவுக்கு பல்லு வலிக்குதே எந்த முன்னோருக்கு கோவம், இப்படி. மாட்டோட தோள்பட்டை எலும்பு, இல்லேன்னா ஆமையோட வயித்து ஓடு, அதுல பின்பக்கம் சின்னச் சின்னதா குழி பறிச்சு சூடு வெப்பாங்க, முன்பக்கம் விரிசல் விடும், அந்த விரிசலப் பாத்துதான் பலன். முக்கியமான சங்கதி என்னன்னா கேட்ட கேள்விய அந்த எலும்புலயே செதுக்கிடுவாங்க, சிலதுல ராஜா என்ன சொன்னாரு, கடைசியில என்ன நடந்துச்சுங்கறது வரைக்கும் இருக்கு. வூ டிங் ராஜாவோட பொண்டாட்டி ஃபூ ஹாவ், படை நடத்திப் போன அம்மா, அவங்க பிரசவத்துக்கும் குறி கேட்டிருக்காங்க. 31 நாள் கழிச்சு பொறந்துச்சு, "நல்லதில்ல, பொண்ணு"ன்னு செதுக்கியிருக்கு. அதைப் படிச்ச அன்னிக்கு எனக்கு சோறு இறங்கல.

அப்புறம் ராஜ்யம் போச்சு, எலும்பெல்லாம் மண்ணுக்குள்ள போச்சு. பின்னாடி ஷாங் தலைநகர் இருந்த அன்யாங் பக்கத்து விவசாயிங்க ஏர் ஓட்டறப்ப கெடைக்கும், அதை "டிராகன் எலும்பு"ன்னு நாட்டு மருந்துக் கடைக்கு விப்பாங்க. கடைக்காரன் இடிச்சு பொடியாக்கி காய்ச்சலுக்கு குடுப்பான், எழுத்து இருந்தா விலை போகாதுன்னு சுரண்டிட்டு வித்தவங்களும் உண்டாம். யோசிச்சுப் பாருங்க, ஒரு ராஜாவோட கேள்விய யாரோ ஒருத்தர் கஷாயமா குடிச்சிருக்காரு! 1899ல பீஜிங்ல வாங் யீரொங்னு பெரிய அதிகாரி, படிச்ச மனுஷன், அவருக்கு காய்ச்சல் வந்து வாங்கின மருந்துலதான் எழுத்தப் பாத்தாருன்னு கதையா சொல்வாங்க. கதையோ நெசமோ, அவரு அது பழைய எழுத்துன்னு புரிஞ்சுக்கிட்டு காசு குடுத்து வாங்கிச் சேத்தாரு. அடுத்த வருஷமே அந்நியப் படை பீஜிங்ல நுழைஞ்சப்ப உசுர விட்டுட்டாரு. ஆனா தேடறது நிக்கல, 1928ல அன்யாங்ல முறையா தோண்ட ஆரம்பிச்சாங்க, 1936ல ஒரே குழியில 17,000 துண்டுக்கு மேல! இன்னிக்கு படிக்க முடியாத ஒரு எழுத்த படிச்சுக் காட்டினா 1,00,000 யுவான் தரேன்னு அங்க ஒரு மியூசியம் அறிவிச்சிருக்கு. செத்த ஆமைங்க அது. செத்தாலும் ஆயிரம் பொன்னா இல்லியா?

பாபிலோன் ஈரலுக்கு நேரமில்ல, களிமண்ல ஈரல் மாதிரி செஞ்சு கட்டம் கட்டமா எழுதி வெச்சுருந்தாங்கன்னு மட்டும் சொல்லிக்கறேன்.

விரிச்சிக்கு வரேன். முல்லைப்பாட்டுல வயசான பொம்பளைங்க நெல்லும் முல்லைப்பூவும் தூவி, காத குடுத்து நிக்கறாங்க. தாயக் காணாம தவிக்கிற கன்னுக்குட்டிகிட்ட ஒரு ஆயர் பொண்ணு "இதோ இப்ப வந்துருவாங்க உங்க அம்மாங்க"ங்கறா. அதான் நல்ல சொல்லு, போருக்குப் போனவன் திரும்பிருவான். இது நமக்கு எப்படி தெரியும்? ஓலையில இருந்துச்சு, உ.வே.சா ஐயர் ஊர் ஊரா அலைஞ்சு 1889ல முல்லைப்பாட்டும் சேர்ந்த பத்துப்பாட்ட அச்சுல போட்டாரு. அவரு தேடிப் போன எடத்துல ஆடிப்பெருக்குல ஆத்தோட விட்டுட்டோம்னு சொன்னவங்களும் இருந்தாங்க. எங்க வீட்லயே, பரண்ல இருந்த ஒரு கட்டு ஏடு வெந்நீர் அடுப்புக்கு போயிருச்சு. எனக்கு அப்ப எட்டு வயசு, பட்டுப் பட்டுன்னு வெடிச்சு எரிஞ்சத வேடிக்கை பாத்தேன். அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு இனி யாராலயும் சொல்ல முடியாது.

அதனாலதான் கேக்கறேன். உங்க பரண்ல, பூஜை ரூம்ல, வைத்தியர் தாத்தா பொட்டியில ஏடு இருந்தா அவிழ்க்காதீங்க, தண்ணி படவிடாதீங்க, நீங்களா எண்ணெய் எதுவும் தடவாதீங்க. எங்களக் கூப்பிடுங்க, வீட்டுக்கே வந்து போட்டோ எடுத்துட்டு ஏட்ட உங்ககிட்டயே குடுத்துருவோம், பத்து பைசா வேணாம். வாசல்ல பச்சை அட்டை நோட்டு ஒண்ணு இருக்கு, டீ குடிச்சிட்டு பேரும் தெருவும் எழுதிட்டுப் போங்க.