தலைக்கணக்கில் மட்டும் இருந்தவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

பிராந்திய ஏற்றத்தாழ்வு, அரசியல் புறக்கணிப்பு, சமூக ஆய்வு என்று மூன்று பெரிய சொற்களைத் தந்து பேச அழைத்திருக்கிறார்கள். மூன்றையும் தனித்தனியே விளக்கப் போனால் நேரம் அதிலேயே முடிந்துவிடும். அதனால் இலங்கையின் மலையகத்தில், தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த ஒரு மாவட்டத்தைப் பிடித்துக்கொள்கிறேன். நுவரெலியா.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி நுவரெலியா மாவட்டத்தின் சனத்தொகை 711,000க்கு மேல். அப்போது அங்கிருந்த பிரதேச செயலகங்கள் 5. அதே ஆண்டில் மன்னார் மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள். அங்கும் பிரதேச செயலகங்கள் 5. மன்னாரில் நிலம் பரந்தது, ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன, ஆகவே அங்கே ஐந்து இருப்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சரி, மாத்தறையை எடுத்துக்கொள்வோம். 814,000 பேர். பரப்பில் நுவரெலியாவைவிடச் சிறிய மாவட்டம். பிரதேச செயலகங்கள் 16. அம்பாந்தோட்டையில் ஏறக்குறைய 6 லட்சம் பேருக்கு 12.

செயலகம் ஒரு கட்டடம்தானே, அதில் என்ன பெரிய ஏற்றத்தாழ்வு என்று யாராவது கேட்கலாம். பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி, அடையாள அட்டை விண்ணப்பம், முதியோர் கொடுப்பனவு, வெள்ளத்திலோ மண்சரிவிலோ வீடு போனால் நிவாரணம், எல்லாம் அந்தக் கட்டடத்தின் வழியாகத்தான் வரவேண்டும். அம்பகமுவ பிரதேச செயலகப் பிரிவில் மட்டும் அன்று 2 லட்சத்துக்கும் அதிகமானோர் இருந்தார்கள். மன்னார் மாவட்டத்தைப் போல இரண்டு மடங்கு! செயலகம் இருந்தது கினிகத்தேனையில். மஸ்கெலியாவுக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்திலிருந்து கொழுந்து எடுக்கும் பெண் ஒருவர் அந்நாளில் ஒரு கடுதாசிக்காக அங்கே போகவேண்டும் என்றால், முதல் பஸ்ஸைப் பிடித்து அட்டனுக்கு வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ். போன நாளில் உரிய அலுவலர் இல்லையென்றால் இன்னொரு நாள். ஒவ்வொரு நாளும் அவருக்கு ஒரு ‘பேர்’ போகும். தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்தை அப்படித்தான் சொல்வார்கள். கொழுந்து குறைந்தால் அரைப் பேர், வராவிட்டால் பேரே இல்லை. ஆக, அடையாள அட்டைக்கு அரசு வாங்கும் கட்டணம் எல்லோருக்கும் ஒன்று. அதைப் பெற ஆகும் செலவு ஒன்றில்லை.

இதற்கு வழமையாகச் சொல்லப்படும் காரணம், மலையகம் வறிய பிரதேசம், ஆகவே வசதிகள் குறைவு என்பது. எனக்கு இதில் உடன்பாடில்லை. நடந்த வரிசை நேர்மாறானது. முதலில் அரசியலில் இருந்து விலக்கினார்கள், வசதிகள் வராமல் போனது அதற்கு அப்புறம். ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தாலே இது தெரியும்.

1947 தேர்தலில், இந்திய வம்சாவளித் தோட்ட மக்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. அந்த ஏழு பேரில் ஒருவர் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை, தலவாக்கலைத் தொகுதி. நுவரெலியாத் தொகுதியில் சௌமியமூர்த்தி தொண்டமான். அடுத்த ஆண்டே, 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, அந்த மக்களில் பெரும்பாலோர் பிரஜைகள் அல்லாதவர் ஆனார்கள். 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம். அதே ஆண்டில் தேர்தல் சட்டத்துக்கு ஒரு திருத்தம், பிரஜை அல்லாதவருக்கு வாக்கில்லை என்று. 1952 தேர்தலில் தோட்ட மக்களின் வாக்கில் வென்ற உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. பிரஜாவுரிமை கேட்டு விண்ணப்பிக்கலாம் என்று சட்டம் சொன்னது உண்மைதான். ஏறக்குறைய 8 லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது சுமார் 134,000 பேருக்கு.

இதுவரை சொன்னது பாடப்புத்தகத்திலும் இருக்கும். அதிகம் பேசப்படாத ஒரு பகுதி இருக்கிறது, அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

அந்நாளைய அரசியல் யாப்பான சோல்பரி யாப்பின் கீழ் ஒரு மாகாணத்துக்கு எத்தனை ஆசனம் என்பதற்கு ஒரு சூத்திரம் இருந்தது. 75,000 பேருக்கு ஓர் ஆசனம், 1,000 சதுர மைலுக்கு ஓர் ஆசனம். 75,000 பேர் என்றால் யார்? வாக்காளர்கள் அல்லர், அங்கே வாழும் எல்லோரும். அதாவது, ஆசனங்களைப் பங்கிடும்போது லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், இருந்த ஒவ்வொருவரும், தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் தூங்கிய குழந்தை உட்பட, கணக்கில் சேர்க்கப்பட்டார்கள். அப்படிக் கிடைத்த ஆசனங்களுக்கு ஆளைத் தெரிவு செய்யும் நாளில் அவர்கள் இல்லை. 1959இல் தொகுதிகளை மறுபடியும் பிரித்தபோதும் பிரஜை அல்லாதோரின் தலைகளை எண்ணித்தான் பிரித்தார்கள். விளைவு என்ன? தோட்டங்களைச் சூழ்ந்த கிராமங்களில் இருந்த வாக்காளருக்கு, நாட்டின் மற்றப் பகுதி வாக்காளரைவிட அதிக எடை கிடைத்தது. அந்தக் கூடுதல் எடை, அயலில் வாக்கில்லாமல் இருந்தவர்களின் எடை.

அந்தத் தொகுதியில் வென்ற பாராளுமன்ற உறுப்பினரின் இடத்தில் இருந்து யோசியுங்கள். அவர் கெட்டவராக இருக்கவேண்டிய அவசியமே இல்லை. கையில் ஒரு பாலம் கட்டப் பணம் இருக்கிறது. கிராமத்துக்குக் கட்டினால் அடுத்த தேர்தலில் நினைவு வைத்திருப்பார்கள். தோட்டத்துக்குக் கட்டினால் யார் வாக்குப் போடுவது? தபாலகம், கிராமப் பாடசாலை, வைத்தியசாலை, மின்சாரம் எல்லாம் நாட்டில் பரவிய காலம் இதுதான். 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்களின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தபோது நாடற்றவர்களாக 975,000 பேர் இருந்தார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மீதி 150,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று முடிவானது. பத்து ஆண்டு கழித்து, 1974இல், அந்த மீதியையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எந்தப் பங்கில் சேருவோம் என்றே தெரியாமல் இருக்கும் குடும்பத்துக்கு யார் பாடசாலை கட்டுவார்கள்? தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களில்தான். மலையகத் தோட்ட மக்களிலிருந்து ஒருவர் மறுபடியும் வாக்கில் வென்று பாராளுமன்றம் போனது 1977இல். நுவரெலியா - மஸ்கெலியா மூன்று அங்கத்தவர் தொகுதியில் தொண்டமான். நாடற்றோர் என்ற நிலையை முடிக்க 1988இலும் 2003இலும் சட்டங்கள் தேவைப்பட்டன.

பிரஜாவுரிமை வந்தாயிற்று, வாக்கும் வந்தாயிற்று. கதை முடிந்ததா என்றால், இல்லை.

உள்ளூராட்சிக்கு 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டம் தனியார் நிர்வாகத்துக்கு உரிய இடம், சபையின் பணத்தை அங்கே செலவிட முடியாது என்றார்கள். தோட்ட மக்கள் பிரதேச சபைத் தேர்தலில் வாக்களித்தார்கள், வேட்பாளராக நின்றார்கள், வென்று தவிசாளராகவும் இருந்தார்கள். ஆனால் அந்தத் தவிசாளரால் தான் பிறந்த லயத்துக்குப் போகும் பாதைக்கு ஒரு லோட் கல் கொட்ட முடியாது. கொட்டினால் கணக்காய்வில் கேள்வி வரும். முன்பு தலையை எண்ணிவிட்டு வாக்கைத் தரவில்லை. இப்போது வாக்கை எண்ணிவிட்டுப் பணத்தைத் தரவில்லை. இது, 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்படும் வரை நீடித்தது. சட்டத்தைத் திருத்துங்கள் என்று கேட்டுக் கேட்டே ஒரு தலைமுறை உறுப்பினர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள்.

இனி எங்கள் தொழிலுக்கு, ஆய்வுக்கு வருகிறேன். நாங்களும் இதில் சுத்தமான தரப்பு என்று சொல்லமாட்டேன்.

இலங்கையில் புள்ளிவிபரங்களை நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்று துறையாகப் பிரித்துத் தருவார்கள். தோட்டம் என்றால் 20 ஏக்கர் அல்லது அதற்கு மேல், அங்கேயே வசிக்கும் தொழிலாளர் பத்துப் பேராவது இருக்கவேண்டும். இந்தப் பிரிவு இருப்பது நல்லது, இல்லாவிட்டால் தோட்டம் முழுவதும் மாவட்டச் சராசரிக்குள் காணாமல் போயிருக்கும். 2019ஆம் ஆண்டு வீட்டு வருமானச் செலவு ஆய்வில் நாட்டின் வறுமை 14.3 சதவீதம், தோட்டத்துறையில் 33.8 சதவீதம். நுவரெலியா மாவட்டத்தை மொத்தமாகப் பார்த்தால் 26.3. மாவட்ட எண்ணை மட்டும் மேற்கோள் காட்டும் அறிக்கை, தோட்டத்தின் நிலையைக் கிராமத்தோடும் நகரத்தோடும் கலந்து மெல்லியதாக்கிவிடுகிறது. நிலம் துண்டாடப்பட்டு 20 ஏக்கருக்குக் கீழே போன தோட்டம் என்றால் இன்னும் மோசம். மக்கள் அதே லயத்தில் இருப்பார்கள், பட்டியலில் கிராமத்தவர் ஆகிவிடுவார்கள்.

இன்னொன்று. 2016இல் தோட்டத்துறை வறுமை 8.8 சதவீதம்தான் என்று வந்தது. மூன்று ஆண்டில் 33.8க்கு ஏறியதா? அப்படி இல்லை. வறுமைக்கோட்டைக் காலத்துக்கு ஏற்பப் புதிதாக வரைந்தார்கள், அதனால் நாட்டின் எண்ணும் 4.1இல் இருந்து 14.3க்குப் போயிற்று. கோட்டை உயர்த்தியதும் இவ்வளவு பேர் கீழே வருகிறார்கள் என்றால், அவர்கள் பழைய கோட்டுக்கு மேலே நின்றதும் விளிம்பில்தான். 8.8ஐப் பார்த்துவிட்டுத் ‘தோட்டத்தில் வறுமை ஒழிகிறது’ என்று எழுதியவர்கள் உண்டு. எந்தக் கோட்டால் அளந்தது என்று அவர்கள் எழுதவில்லை.

எண்களை விட்டுக் களத்துக்குப் போனால் வேறு சிக்கல். தோட்டத்துக்குள் ஆய்வு செய்ய முதலில் துரையின், அதாவது தோட்ட நிர்வாகியின், அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தால் கூடவே ஆள் வருவார், உதவிக்கு என்று. வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை பக்கத்தில் நிற்கும்போது ‘போன மாதம் எத்தனை பேர் விழுந்தது?’ என்று கேட்டால் என்ன பதில் வரும்? பெண்கள் மேலே பார்ப்பார்கள், சிரிப்பார்கள், ‘எல்லாம் சரியாத்தான் குடுக்கிறாங்க’ என்பார்கள். அந்திக் கொழுந்து நிறுத்துவிட்டு லயத்துக்கு வந்து, அடுப்பு மூட்டிய பிறகு அதே பெண் சம்பளச் சீட்டை எடுத்து வந்து, தொழிற்சங்கச் சந்தாவுக்கு எவ்வளவு வெட்டினார்கள், முற்பணத்துக்கு எவ்வளவு வெட்டினார்கள் என்று ஒவ்வொரு வரியாகக் காட்டுவார். பகலில் நிரப்பிய படிவங்களை மட்டும் வைத்து எழுதும் ஆய்வை நான் பெரிதாக நம்புவதில்லை. நண்பர்கள் சிலர் இதனால் கோபித்துக்கொண்டதும் உண்டு.

எங்கள் படிவத்தின் முதல் பக்கத்தில் முகவரி கேட்கும் கட்டம் இருக்கும். வீட்டு இலக்கம், வீதி, ஊர். பல லயங்களில் முதல் இரண்டுக்கும் எழுத ஒன்றுமில்லை. தோட்டத்தின் பெயர், டிவிஷனின் பெயர், அவ்வளவுதான். எல்லோருக்கும் ஒரே முகவரி. கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, அங்கிருந்து யார் கையிலாவது கிடைத்து வீட்டுக்கு வரவேண்டும். தலவாக்கலைப் பக்கம் ஒரு தாய் எனக்கு ஒரு கடிதத்தைக் காட்டினார். மகனுக்கு வந்த நேர்முகத் தேர்வு அழைப்பு. சான்றிதழ்களோடு சேர்த்து பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தார். நேர்முகத் தேர்வு முடிந்து ஒன்பது நாள் கழித்துத்தான் அது கைக்கு வந்ததாம். மகன் இப்போது கொழும்பில் ஒரு துணிக்கடையில் இருக்கிறார். அவரை எந்த ஆய்வும் ‘தகைமைக்கு ஏற்ற வேலை தேடாத இளைஞர்’ என்ற வரிசையில்தான் போடும். கடிதம் தாமதமானதற்கு எங்கள் படிவத்தில் கட்டம் இல்லை.

2018 முதல் நிலைமை மாறவே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. நுவரெலியா, அம்பகமுவ என்று இரண்டாக இருந்த பிரதேச சபைகள் ஆறாகின. கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியாவுக்குத் தனிச் சபைகள் வந்தன. பிரதேச செயலகங்களை 5இல் இருந்து 10 ஆக்கவும் முடிவானது. திருத்தத்தின்படி தோட்டப் பாதையில் சபை கல் போடலாம், குழாய் போடலாம்.

ஆனால் சபைக்குப் பணம் வேண்டுமே. ஊர்ச் சபைகளுக்குச் சொந்த வருமானம் சோலைவரியில், அதாவது வீடு, காணிக்கான வரியில், இருந்து வருகிறது. லயன் அறை குடியிருப்பவரின் பேரில் இல்லை, ஆகவே அவரிடம் சோலைவரி வாங்க வழியில்லை. வீடமைப்புத் திட்டங்களில் தரும் 7 பேர்ச் காணிக்கு உறுதிப்பத்திரம் கைக்கு வந்த குடும்பங்கள் ஒரு பகுதிதான். வரி கட்டாத பகுதிக்கு எதற்குச் செலவு என்ற கேள்வியைச் சபைக் கூட்டத்திலேயே கேட்கிறார்கள், சில இடங்களில் தோட்டத்தில் பிறந்த உறுப்பினர்களே கேட்கிறார்கள்! அதனால் எங்கள் குழு இப்போது அந்த ஆறு சபைகளின் வரவு செலவுத் திட்டங்களை எடுத்து வைத்துக்கொண்டு, தோட்ட எல்லைக்கு உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு என்று பாதை பாதையாகப் பிரித்துக்கொண்டிருக்கிறது. ஒரு பாதை எந்த எல்லைக்குள் வருகிறது என்பதிலேயே பாதி நாள் போய்விடுகிறது, ஏனென்றால் சபையின் வரைபடமும் கம்பனியின் வரைபடமும் பல இடங்களில் ஒத்துவருவதில்லை. முடிந்ததும் மறுபடி அழைத்தால் வந்து சொல்கிறேன். வணக்கம்.