மிலேட்டஸின் முதன்மைச் சிந்தனையாளர் அனாக்சிமாண்டரே

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பண்டைக் கிரேக்க நகரான மிலேட்டஸின் மெய்யியலாளர்களுள் விஞ்சி நிற்பவர் தேலீஸா, அவர் வழிவந்த அனாக்சிமாண்டரா என்பதே இன்றைய வழக்கு. எல்லாவற்றுக்கும் மூலம் நீர் என்று தொடங்கிவைத்த தேலீஸுக்கே முதலிடம் என்றார் எதிரணித் தலைவர். தெய்வங்களின் சினத்தையும் அருளையும் நாடாமல் இயற்கைக்குள்ளேயே விடை தேடிய அவரது துணிவை நாங்களும் வணங்குகிறோம். ஆனால் அத்துணிவை வாதமாக வளர்த்தெடுத்தவர் அனாக்சிமாண்டர்.

பூமியையே எடுத்துக்கொள்வோம். மரக்கட்டையைப் போலப் பூமி நீரின்மேல் மிதக்கிறது என்று தேலீஸ் கருதியதாக அரிஸ்டாட்டில் எழுதுகிறார். அப்படியானால் அந்த நீரைத் தாங்குவது எது என்று அவரே மறுத்தும் கேட்கிறார். அனாக்சிமாண்டரின் பூமியோ எதன்மேலும் நிற்கவில்லை. எல்லாத் திசைகளுக்கும் சமதூரத்தில் நடுவே இருப்பதால், ஒரு பக்கமாக நகர அதற்குக் காரணமே இல்லை. ஆகவே அது இருந்த இடத்திலேயே இருக்கிறது என்றார். அதை அவர் உருளை வடிவினதாக, அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரமுடையதாக எண்ணியது பிழைதான். ஆயினும், தாங்குவார் இல்லாத பொருள் விழும் என்று கண்ணும் கையும் அன்றாடம் கற்பித்ததை, கி.மு. 6ஆம் நூற்றாண்டில், தருக்கம் ஒன்றையே துணையாகக் கொண்டு மீறிய அறிவை என்னென்பது!

நீர், நெருப்பு போன்ற எந்தக் குறிப்பிட்ட பொருளும் அல்லாத 'எல்லையற்றது' ஒன்றையே அவர் மூலப்பொருளாகச் சொன்னார். அது வெறும் சொல் என்றார்கள் எதிரணியினர். இல்லை, அதற்கு வலுவான காரணம் உண்டு. நீர் குளிர்ந்தது, நெருப்பு வெப்பமானது. இவற்றுள் ஒன்று அளவிறந்ததாக இருந்திருந்தால் மற்றது என்றோ அழிந்திருக்கும். அரிஸ்டாட்டில் குறித்துவைத்த இவ்வாதம் அனாக்சிமாண்டருடையது என்றே பொதுவாகக் கொள்ளப்படுகிறது. கி.பி. 6ஆம் நூற்றாண்டில் உரையாசிரியர் சிம்ப்ளிசியஸ் எடுத்தெழுதியதால் நமக்குக் கிடைத்த அனாக்சிமாண்டரின் ஒரே கூற்றும், பொருள்கள் தம் அநீதிக்காகக் காலத்தின் ஒழுங்குப்படி ஒன்றுக்கொன்று ஈடு செலுத்துகின்றன என்றே பேசுகிறது. எதுவும் எதையும் முற்றாக விழுங்கிவிடாத உலகை நீர் ஒன்றைக் கொண்டு விளக்க முடியுமா?

அடுத்து வந்த மிலேட்டஸ் மெய்யியலாளர் அனாக்சிமினீஸ், காற்றே மூலம் என்று மீண்டும் கண்ணறிந்த பொருளுக்குத் திரும்பியதை எதிரணி தன் சான்றாகக் காட்டியது. ஆனால் அவர் நீருக்குத் திரும்பவில்லை. காற்று செறிந்தால் மேகமும் நீரும் மண்ணும் கல்லும் ஆகும், நெகிழ்ந்தால் நெருப்பாகும் என்று மாற்றத்தின் வழியை விளக்கினார். குவித்த உதட்டால் ஊதினால் மூச்சு குளிர்வதையும் வாய் திறந்து விட்டால் வெதுவெதுப்பதையும் சான்றாக வைத்தார். முன்னவரின் கருத்தைத் தக்க காரணத்தோடு மறுக்கும் இந்த வழியில் அவருக்கு முன்பே நடந்தவர், நீரை மறுத்த அனாக்சிமாண்டர்தான்.